அந்த ஒரு மணி இருபது நிமிஷம் யாருக்கு?

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. மெட்ராசுக்குப் போறியாமே, அதுவும் ஒசக்கப் பறந்து. "மதுரையிலருந்து ஒரு மணி இருபது நிமிஷந்தான்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறியாம். டீக்கடை வரைக்கும் சேதி வந்துருச்சு. ரொம்பச் சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அந்த ஒரு மணி இருபது நிமிஷம் ஒனக்கா, ஏரோப்ளேனுக்கா?

சிரிக்காத. கெழவனுக்கு என்ன தெரியும்னுதான சிரிக்கிற? ஒங்க சின்னத்தாத்தா பேரன் ஏர்போர்ட்டுல தரை வேலை பாக்குறானே, அவன் பொங்கலுக்கு வந்தப்ப ஒரு ராத்திரி முழுக்க ஒக்கார வச்சுக் கேட்டுட்டேன். அவன் சோலி என்ன தெரியுமா? ஏரோப்ளேன் வந்து நின்னதும் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் ரப்பர்க் கட்டை வைக்கிறது. நாம மேட்டுல மாட்டுவண்டியை நிறுத்துனா சக்கரத்துக்குக் கல்லை அண்டக் குடுக்கமாட்டமா, அதே வேலைதான். ஆனா சட்டுன்னு கிட்டப் போயிறக் கூடாதாம். இஞ்சின் அமந்து, வயித்துல மின்னுற செவப்பு லைட்டு நின்னப்பெறகுதான் குனிஞ்சு போகணும். கட்டையை எடுத்து வண்டி நகந்த நிமிஷத்துலருந்து, அங்க போய் நின்னு கட்டை வைக்கிற நிமிஷம் வரைக்கும் இருக்கே, அதுதான் ஒன் டிக்கெட்டுல இருக்குற ஒரு மணி இருபது நிமிஷம். அதுல நீ எங்கயாவது இருக்கியா? சக்கரந்தான் இருக்கு.

புறப்படுற நேரம் 9 மணின்னு போட்டிருந்தா, 9 மணிக்குப் பறக்கும்னு நெனச்சுக்காத. 9 மணிக்கு ஒரு டிராக்டர் மூக்கைப் பிடிச்சுப் பின்னால தள்ளும், அம்புட்டுத்தான். பெறகு ஓடுபாதை முனை வரைக்கும் மெதுவா உருண்டு போகணும். முன்னால ஒண்ணு எறங்குதுன்னா அது ஒதுங்குற வரைக்கும் நிக்கணும். நீ சன்னலோரத்துல ஒக்காந்து "கெளம்பியாச்சு"ன்னு ஒங்கம்மாளுக்குச் சேதி போட்டுருவ. வண்டி இன்னமும் மதுரை மண்ணுலதான் நிக்கும்.

சரி, தூரத்துக்கு வருவோம். மதுரைக்கும் மெட்ராசுக்கும் எம்புட்டுத் தூரம்? காக்கா பறக்குற கணக்குல ஏறத்தாழ 415 கிலோமீட்டர். ரோட்டுல போனா 460 பக்கம் வரும். ரயில் பாதையில 495. மூணும் சரியான கணக்குதான், மூணுல எதையும் பொய்யின்னு சொல்ல முடியாது. திண்டுக்கல்லு, திருச்சி, அரியலூரு, விருத்தாசலம், விழுப்புரம்னு அஞ்சாறு ஊருக்கு நல்லது கெட்டது விசாரிச்சுட்டுப் போற ரயிலுக்கு நீளம் கூடத்தான செய்யும்?

இப்ப நீ படிச்ச பிள்ளை, கணக்குப் போடு. பெரிய ஏரோப்ளேன் ஒசக்க மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும். 415ஐ 830ஆல வகுத்தா என்ன? அரை மணி. அப்ப மிச்சம் அம்பது நிமிஷத்தை யார் தின்னது? இதைத்தான் நான் அந்தப் பயகிட்டக் கேட்டேன். அவன் சொன்னான், "தாத்தா, அது அந்த வேகத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதித் தூரம் போயிரும்." 33,000 அடி ஒசக்கப் போகணும்னா ஏறுறதுக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஆகிப்போகுமாம். எறங்குறதும் நிதானந்தான். அந்த ஒசரத்துலருந்து எறங்கணும்னா 180 கிலோமீட்டருக்கு முந்தியே மூக்கைக் கீழ வைக்கணும். 200ம் 180ம் எம்புட்டு? 380. மிச்சம் இருக்குறது முப்பத்தஞ்சு கிலோமீட்டர். நம்ம ஊருலருந்து காரியாபட்டி தாண்டிப் போற தூரம். அதனாலதான் இந்த மாதிரிக் கிட்டத்துப் பயணத்துக்கு அம்புட்டு ஒசக்கக்கூடப் போகாம, கீழயே கொஞ்ச நேரம் மட்டமாப் பறந்துட்டு எறங்கிருவாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளதான் அந்தப் பிள்ளைக தள்ளுவண்டியை உருட்டிக்கிட்டு ஓட்டமா ஓடி வந்து தண்ணி குடுத்து, ரொட்டி குடுத்து, காகிதத்தையும் பொறக்கிட்டுப் போகணும். பாவம், கல்யாண வீட்டுப் பந்தி தோத்துப் போகும்.

எறங்குறதுலயும் ஒரு சூது இருக்கு. காத்துக்கு எதுத்தாப்புலதான் எறங்கணும். மெட்ராசுல பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காக் கெடக்கு. கடக்காத்து அடிச்சா மேக்க இருந்து நேரா வந்து எறங்கிரலாம், நம்ம திசைக்கு அது வாகு. மேகாத்து அடிச்சா என்ன ஆகும்? மீனம்பாக்கத்தை ஓரமாப் பாத்துக்கிட்டே தாண்டிப் போய், கடலுக்கு மேல ஒரு சுத்துச் சுத்தி, மேக்கப் பாத்துத் திரும்பி வரணும். அதுக்கும் முன்னால நாலு வண்டி வரிசையில இருந்தா வானத்துலயே வட்டம் போட வேண்டியதுதான். ஒன் 415 அன்னைக்கு 415 இல்ல. ஆனா நீ அதைக் கேக்கமாட்ட. ஒனக்குத்தான் போட்டோ எடுக்கக் கடல் கெடச்சிருச்சே.

இதுல இன்னொரு வேடிக்கை. அதே மதுரை, அதே மெட்ராசு, அதே காக்காத் தூரம். ஆனா ரெக்கையில காத்தாடி சுத்துற சின்ன ஏரோப்ளேன் இருக்கு பாரு, ஏடிஆர்னு, அதுல ஏறுனா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அது மணிக்கு 500 கிலோமீட்டருக்குத்தான் ஈடு குடுக்கும். டிக்கெட்டு எடுக்கும்போது வெலையை மட்டும் பாத்து எடுத்துட்டு, ஏறுனப்பெறகு "இது என்ன இம்புட்டுச் சின்னதா இருக்கு"ன்னு முழிக்கிற கூட்டத்துல நீயும் ஒருத்தனா இருப்ப. ஆனா எனக்குப் பிடிச்சது அதுதான். தாழப் பறக்கும், ரெக்கை ஒசக்க இருக்கும், கம்மாயெல்லாம் தெரியும்.

அப்புறம் அந்த அறிவிப்பு. "நாம பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டோம்"னு கேப்டன் சொல்லுவாரு. நீயும் கூட ஒக்காந்திருக்குறவனும் பெருமையா மொகத்தைப் பாத்துக்குவீக. ஏம்ப்பா, வான்பாதை நெருக்கடி, காத்து, வரிசை எல்லாத்துக்கும் சேத்து முன்கூட்டியே பத்துப் பதினஞ்சு நிமிஷத்தை டிக்கெட்டு நேரத்துக்குள்ள சொருகி வச்சிருக்காங்க. ஒண்ணும் தடங்கல் இல்லைன்னா முந்தி வரத்தான செய்யும்? அதுக்கு மேலயும் ஒரு சலுகை இருக்கு. சொன்ன நேரத்துக்குப் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அது தாமதக் கணக்குலயே வராது. நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது இந்தச் சட்டம் இருந்திருந்தா வாத்தியாருகிட்ட அம்புட்டு அடி வாங்கியிருக்கமாட்ட.

ரயில்காரன் மட்டும் என்ன யோக்கியன்னு கேப்ப. கேளு, நான் ரயிலுக்கு வக்காலத்து வாங்க வரல. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15ந்தேதி விட்டாங்க. மீட்டர் கேஜு. அந்த ஒல்லித் தண்டவாளத்துல மதுரையிலருந்து எழும்பூருக்கு ஏழு மணிச் சொச்சத்துல ஓடுச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு. பெறகு அகலப் பாதை போட்டாங்க. ரெட்டைப் பாதை ஆக்குனாங்க. கரண்டுக் கம்பி இழுத்தாங்க. இம்புட்டும் பண்ணிட்டு இப்ப வைகை எம்புட்டு நேரத்துல போகுது? ஏழு மணிச் சொச்சம். செலவழிச்ச காசெல்லாம் எங்க போச்சுன்னு கேக்காத, நடுவுல நிக்கிற ஸ்டேஷனுகளைப் போய்க் கேளு. பகல்ல வெரசாப் போகணும்னா 2019ல தேஜஸ் விட்டாங்க, ஆறரை மணி. 2023 செப்டம்பர்ல நெல்லையிலருந்து வந்தே பாரத். அது நம்ம விருதுநகர்லயும் நிக்கிது.

இப்ப ஒன் கணக்கையும் என் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பமா? ஒனக்கு 9 மணிக்கு ஏரோப்ளேன்னு வையி. நம்ம அருப்புக்கோட்டைப் பக்கத்துலருந்து ஏர்போர்ட்டு நாப்பது கிலோமீட்டர், தூத்துக்குடி ரோட்டுலயே போயிரலாம், அதுல ஒனக்கு அதிர்ஷ்டந்தான். ஆனா ஒரு மணி நேரத்துக்கு முந்தியே சாமான் போடுற கவுண்டரை மூடிருவாங்க. பயந்தவன் ரெண்டு மணி நேரத்துக்கு முந்தியே போய் நிப்பான். நீ பயந்தவன். அதனால வெள்ளென அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கெளம்புவ. ஏழு மணிக்குள்ள உள்ள போய், பெல்ட்டைக் கழட்டி, பர்சை எடுத்து, கையைத் தூக்கி நின்னு, பெல்ட்டைத் திரும்ப மாட்டி, அறுபது ரூபாக் காப்பியை நூத்தி அறுபதுக்குக் குடிச்சுட்டு ஒக்காந்திருப்ப. பத்து இருபதுக்கு மீனம்பாக்கம். பெட்டி வர்ற பட்டையில எல்லாரு பெட்டியும் வரும், ஒன்னுது மட்டும் கடைசியா வரும். பத்தே முக்காலுக்கு வெளிய வந்து, கத்திப்பாராவுல நின்னு நின்னு, ஒங்கத்தை வீட்டு அம்பத்தூருக்குப் போய்ச் சேரும்போது பன்னெண்டு. கூட்டிப் பாரு. ஆறரை மணி நேரம்.

வந்தே பாரத் காலையில ஏழே கால் வாக்குல விருதுநகர். அதுக்கு ஆறரைக்குக் கெளம்புனாப் போதும். ரெண்டு மணி வாக்குல எழும்பூரு. அங்கருந்து சென்ட்ரலு, லோக்கல் ரயிலு, அம்பத்தூரு. மூணு மணி. எட்டரை மணி நேரம். ஆக ஒனக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம், அதை நான் மறுக்கல. அந்த ரெண்டு மணி நேரத்தை வச்சு மெட்ராசுல என்ன செய்யப்போற, அதை மட்டும் சொல்லு. ஒங்கத்தை வீட்டு சோபாவுல படுத்துக்கிட்டுச் செல்லைத் தேய்ப்ப. அதை ரயில்லயே தேய்க்கலாமே, சார்ஜ் போடுறதுக்கும் ஓட்டை வச்சிருக்கான்.

இதுக்கெல்லாம் மேல ஒரு கணக்கு இருக்கு, அதை எந்த டிக்கெட்டுலயும் போடமாட்டாங்க. சிலம்பு எக்ஸ்பிரஸ் நம்ம அருப்புக்கோட்டையிலயே நிக்கிது. வாரத்துல எல்லா நாளும் இல்ல, இருக்குற நாளாப் பாத்துக்கணும். மானாமதுரை, காரைக்குடின்னு சுத்திக்கிட்டுப் போகும், ராத்திரி முழுக்கப் போகும். நீ சொல்லுவ, ஏரோப்ளேன் ஒரு மணி, இது பத்து மணிக்கு மேலன்னு. ஏன்டா, நீ வீட்டுல இருந்தாலும் ராத்திரி தூங்கத்தான செய்வ? தூங்குற நேரத்தைப் பயணக் கணக்குல சேத்துறதா? ராத்திரி சாப்பிட்டு ஏறுனா, பொழுது விடிய தாம்பரம். முழிச்சிருந்த நேரத்தை மட்டும் எண்ணிப் பாரு, ஏரோப்ளேனைச் சிலம்பு தோக்கடிச்சிரும்.

ஏன்யா, தூரத்துக்குப் போனா என்ன செய்வன்னு கேக்குறியா? அங்கதான் நான் ஒன் பக்கம். மதுரையிலருந்து டெல்லி காக்காக் கணக்குல 2,070 கிலோமீட்டர் பக்கம் வரும். மூணேகால் மணி நேரத்துல பறந்துரலாம். ரயிலுன்னா ரெண்டு ராத்திரி. வேண்டுதல் இருந்தா ஒழிய அதுல போகாத. சிங்கப்பூருக்கெல்லாம் கேள்வியே இல்ல. என் தகப்பன் காலத்துல ரஜுலான்னு ஒரு கப்பல். மெட்ராசு, நாகப்பட்டணம், பினாங்குன்னு தொட்டுக்கிட்டுச் சிங்கப்பூரு போறதுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்னைக்கு நாலு மணிச் சொச்சம். இட்லி செரிக்கிறதுக்குள்ள போயிரலாம்.

சிங்கப்பூருன்னதும் நெனப்பு வருது. கீழத்தெரு ராக்காயி, பேத்தி பேறுகாலத்துக்குப் போயிட்டு வந்தா. போகும்போது டிக்கெட்டுல ராத்திரி 11 மணிக்கு ஏறி, விடிய 5.45க்கு எறங்குனதாப் போட்டிருக்கு. வரும்போது சாயங்காலம் 6 மணிக்கு ஏறி 7.50க்கு மண்ணுல கால் வச்சிட்டா. போக ஆறே முக்கால் மணி, வர ஒரு மணி அம்பது நிமிஷம். யாரும் அவளுக்கு வெளக்கம் சொல்லல. அவளே கண்டுபிடிச்சுட்டா. "அங்கிட்டுப் போறது ஏத்தம், இங்கிட்டு வர்றது எறக்கம்"னுட்டா. ஊருல பாதிப் பேரு ஒத்துக்கிட்டாங்க.

விசயம் என்னன்னா, டிக்கெட்டுல ஏறுற நேரம் ஏறுற ஊருக் கடியாரம், எறங்குற நேரம் எறங்குற ஊருக் கடியாரம். சிங்கப்பூருக் கடியாரம் நம்மளுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. போகும்போது அதைக் கழி, வரும்போது கூட்டு, ரெண்டு பக்கமும் நாலு மணிச் சொச்சந்தான். அந்த ரெண்டரையும் சூரியன் குடுத்ததில்ல. 1981 முடிய ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம். மலேசியாக்காரன் கடியாரத்தை அரை மணி முன்னால தள்ளுனான், இவனும் கூடச் சேந்து 1982 பொறந்ததும் தள்ளிக்கிட்டான். தள்ளுற வேலையில நாமளும் லேசுப்பட்ட ஆளுக இல்ல. முந்தி இந்தியா பூரா ரயிலு ஓடுனது மெட்ராசு நேரத்துல. 1906ல இப்ப இருக்குற நேரத்தைக் கொண்டாந்தப்ப மெட்ராசுக்காரனுக்கு ஒம்பது நிமிஷம் காணாமப் போச்சு. யாரும் கேஸ் போட்ட மாதிரித் தெரியல.

ஆனா ராக்காயி சொன்ன ஏத்தம் எறக்கம் முழுப் பொய்யும் இல்ல, கேட்டுக்க. மெட்ராசுலருந்து லண்டனுக்கு 8,200 கிலோமீட்டர். போறதுக்குப் பதினோரு மணி நேரம் பிடிக்கும், வர்றதுக்குப் பத்து மணி சில்லறை. இது கடியார வித்தை இல்ல, நெசமாவே ஒக்காந்திருக்குற நேரம். காரணம் காத்து. முப்பதாயிரம் அடிக்கு மேல மேக்க இருந்து கிழக்க ஒரு காத்து ஆறாட்டம் ஓடுது. குளிர்காலத்துல வடக்க அது மணிக்கு நூத்தம்பது, எரநூறு கிலோமீட்டர் வேகத்துல போகும். லண்டன் போறவன் அதை எதுத்து முட்டிக்கிட்டுப் போறான், வர்றவன் முதுகைக் குடுத்துட்டு வர்றான். நம்ம தென்னாட்டுக்கு மேல இன்னொரு கூத்து இருக்கு. தென்மேற்குப் பருவத்துல கீழ மேகாத்து ஆளைத் தூக்கும். ரொம்ப ஒசக்கப் போனா அங்க கடக்காத்து. இதைப் பத்தி கோடீஸ்வரம்னு நம்ம நாட்டு வானிலைக்காரரு 1958லயே எழுதி வச்சிட்டாரு. தரையில ஒரு காத்து, தலைக்கு மேல வேற காத்து. கட்சிக்காரன் மாதிரின்னு சொல்ல வாய் வருது, வேணாம், பக்கத்து வீட்டுல கேட்டுக்கிட்டு இருக்கான்.

ஆகக்கூடி நான் சொல்ல வர்றது இம்புட்டுத்தான். எவனாவது "இந்த ஊருக்கு அந்த ஊரு இம்புட்டு நேரம்"னா, எங்கருந்து எண்ணுன, எங்க நிறுத்துன, எந்த ஊருக் கடியாரம்னு மூணு கேள்வி கேளு. நம்ம வாசல்லருந்து ஒங்கத்தை வாசல் வரைக்கும் சொல்லுன்னு கேளு. அவன் முழிப்பான். முழிக்கட்டும்.

இன்னொண்ணு. சாமான். ஏரோப்ளேன்ல 15 கிலோதான் கீழ போட விடுவான், கையில 7 கிலோ. ஊறுகாயைக் கையில கொண்டுபோனாப் பிடுங்கி வச்சுக்குவான். கொப்பரைத் தேங்காய் ரெண்டுலயும் கூடாது, எண்ணெய்ச் சத்துல தானாச் சூடேறிப் பத்திக்கிருமாம். எனக்கு எப்படித் தெரியுமா? விசாரிச்சேன். சும்மாதான் விசாரிச்சேன். நல்லெண்ணெய் டின்னு ஒண்ணு 15 கிலோ. அதைப் போட்டா ஒன் வேட்டி சட்டைக்கு எடமே இல்ல, அம்மணமாத்தான் போய் எறங்கணும்.

அதனால ஒரு யோசனை. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த டிக்கெட்டை இன்னைக்கே கேன்சல் பண்ணீட்டின்னா கொஞ்சமாவது திருப்பிக் குடுப்பான். சிலம்புல கீழ் பர்த்தாப் பாத்துப் போடு. சீட்டுக்கு அடியில டின்னு அழகா நிக்கும், மூடியை நல்லா அடச்சுத்தான் வச்சிருக்கேன், நேத்தே அடச்சுட்டேன். ஒங்கத்தை தாம்பரத்துக்கு மகனை அனுப்புறேன்னுட்டா. பக்கத்துல அந்தக் கருவாட்டுப் பொட்டலம் சின்னதுதான், வாடை வராது. தவசம் ரெண்டு மரக்கா, முருங்கைக்காய் ஒரு கட்டு, அது கைக்கு அடக்கமா இருக்கும்.

எங்க எந்திரிக்கிற? ஒக்காரு, வத்தல் மூட்டையைப் பத்தி இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்ல.